குண்டு போட்ட படை பாடம் நடத்தும் படை ஆன கதை

கடந்த பள்ளி விடுமுறையில் சுங்கைப்பட்டாணியில் பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று தலைக்கு மேலே பெரும் சத்தம். படிவம் ஐந்தில் படிக்கும் என் அக்கா மகன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

"மாமா, ஹார்னெட்! பட்டர்வொர்த்துல இருந்து வருது!"

பாட்டி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் அடங்கிய பிறகு சொன்னார்: "அப்பவும் இப்படித்தான்யா. இடி இடிக்கிற மாதிரி இருக்கும். ஆனா மழை வராது. கொஞ்ச நேரத்துல காட்டுப் பக்கம் புகை எழும்பும்."

பாட்டி சொன்ன 'அப்ப' என்பது அவசரகாலம். பாட்டிக்கு இப்போது 86 வயது. மெர்டேக்காவுக்கு முந்தைய ஆண்டில் அவருக்குப் பதினேழு. கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போனால், வாளியில் பால் நிறையும் முன்பே வானத்தில் அந்தச் சத்தம் வந்துவிடுமாம்.

"அது என்ன விமானம் மாமா?" என்று கேட்டான் மருமகன். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். 1955 முதல் 1957 வரை பட்டர்வொர்த் தளத்தில் இருந்து பறந்த படைகளில் ஒன்று, பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 45ஆவது ஸ்குவாட்ரன். அந்தப் படை இன்றும் இருக்கிறது. ஆனால் குண்டு போடுவதில்லை. இங்கிலாந்தில் இளம் விமானிகளுக்குப் பாடம் நடத்துகிறது.

இதைச் சொன்னதும் மருமகனின் முகம் வாடிப் போனது. "அப்போ, பதவி இறக்கிட்டாங்களா மாமா?"

போர் விமானியாக வேண்டும் என்பது அவன் கனவு. போக்குவரத்து விமானம், பயிற்சிப் பிரிவு என்றாலே அவனுக்கு இரண்டாம் தரம். அவனைப் போல நினைக்கும் மாணவர்கள் பலர் இருப்பார்கள். அவன் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லாமல், அந்த ஸ்குவாட்ரனின் கதையையே இங்கே சொல்கிறேன்.

கோஸ்போர்ட்டில் பிறந்த இரண்டு

ஸ்குவாட்ரன் என்பது ஆகாயப் படையின் அடிப்படைப் பிரிவு. அதற்கென ஓர் எண், ஒரு சின்னம், ஒரு கொள்கை வாசகம் இருக்கும். 45ஆவது ஸ்குவாட்ரன் 1916 மார்ச் 1ஆம் தேதி தென் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் தொடங்கப்பட்டது. அப்போது ஆகாயப் படை தனிப் படையாகவே இல்லை; தரைப்படையின் ஒரு கிளையாகத்தான் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் இந்தப் பிரிவு பிரான்ஸ் போர்முனைக்குப் போனது. அதனிடம் இருந்தவை இரண்டு பேர் அமரும் சோப்வித் விமானங்கள். 1917இல் எதிரியின் புதிய விமானங்களுக்கு முன்னால் அவை எடுபடவில்லை. இளம் விமானிகள் பலர் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் 'சோப்வித் கேமல்' என்ற வேகமான விமானம் கைக்கு வந்தது.

விமானம் பழையது என்பது மட்டுமே அன்றைய சிக்கல் அல்ல. விமானிகளுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. சில மணி நேரம் பறந்து பார்த்த இளைஞர்களைப் போருக்கு அனுப்பினார்கள். இதைக் கண்டு கொதித்தவர் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி. 45ஆவது ஸ்குவாட்ரன் பிறந்த அதே கோஸ்போர்ட்டில் 1917இல் அவர் புதிய பயிற்சி முறையைத் தொடங்கினார். மாணவரும் ஆசிரியரும் ஒரே விமானத்தில், இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகளுடன் பறப்பார்கள். ஆசிரியர் சொல்வது மாணவருக்குக் கேட்க ஒரு பேச்சுக் குழாய் இருக்கும். ஆபத்தான அசைவுகளைத் தவிர்க்கச் சொல்வதற்குப் பதிலாக, அவற்றில் வேண்டுமென்றே விமானத்தைச் சிக்கவைத்து, மீண்டு வரக் கற்றுக்கொடுத்தார். இன்று உலகெங்கும் நடக்கும் விமானிப் பயிற்சிக்கு அடித்தளம் அதுதான்.

பாலைவனத்தில் உழுத கோடு

போர் முடிந்ததும் கலைக்கப்பட்ட பிரிவு, 1921இல் எகிப்தில் மீண்டும் தொடங்கப்பட்டது. அங்கிருந்து ஈராக் சென்றது. அதற்குக் கிடைத்தது 'விக்கர்ஸ் வெர்னன்' என்ற கனத்த இரட்டை இறக்கைப் போக்குவரத்து விமானம். கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் இடையே தபால் கொண்டு போவது அதன் வேலைகளில் ஒன்று. பாலைவனத்தில் வழி காட்ட எந்த அடையாளமும் இல்லை. எனவே மணலில் ஏர் பூட்டி நீளக் கோடு உழுதார்கள். விமானிகள் மேலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள். கூகுள் மேப்ஸுக்குப் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று அதுதான் உயிர் காத்தது.

1923 பிப்ரவரியில் கிர்க்குக் நகரில் பதற்றம் ஏற்பட்டபோது, 45ஆவது, 70ஆவது ஸ்குவாட்ரன்கள் சேர்ந்து ஏறக்குறைய 500 இந்தியச் சிப்பாய்களை விமானத்திலேயே அங்கே கொண்டுபோய் இறக்கின. படையினரை ஆகாய வழியாக அவசரமாக நகர்த்திய தொடக்ககால நிகழ்ச்சிகளில் இது முக்கியமானது. இந்த 70ஆவது ஸ்குவாட்ரனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் மறுபடியும் வரும்.

அந்தக் காலத்தின் கறுப்புப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஈராக்கைக் குறைந்த செலவில் அடக்கி வைக்க பிரிட்டன் ஆகாயப் படையைப் பயன்படுத்தியது. எதிர்த்த கிராமங்கள் மீது குண்டு விழுந்தது. 45ஆவது ஸ்குவாட்ரனின் தளபதியாக இருந்த ஆர்தர் ஹாரிஸ், போக்குவரத்து விமானங்களின் மூக்கில் ஓட்டை போட்டு, அங்கிருந்து குறி பார்த்துக் குண்டு வீச ஏற்பாடு செய்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரங்கள் மீதான குண்டுவீச்சை நடத்தியவரும் இதே ஹாரிஸ்தான்.

மத்திய கிழக்கில் கழித்த ஆண்டுகளும், முதல் போரில் ஓட்டிய 'கேமல்' விமானமும் சேர்ந்து ஸ்குவாட்ரனின் சின்னமாயின: இறக்கை முளைத்த ஒட்டகம். 'இடர்களைக் கடந்து எழுகிறேன்' என்ற பொருள் தரும் இலத்தீன் தொடர் அதன் கொள்கை வாசகம். 'பறக்கும் ஒட்டகங்கள்' என்பது பட்டப்பெயர்.

மரமும் பசையும்

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் லிபியாவின் எல் அதெம் தளத்தைத் தாக்கிய ஸ்குவாட்ரன்களில் இதுவும் ஒன்று. 1942இல் பர்மாவுக்கு வந்தது. ஜப்பானியர் முன்னேறவே இந்தியாவுக்குப் பின்வாங்கியது. 1944இல் அதற்கு 'மொஸ்கிட்டோ' விமானங்கள் வந்தன. மரப்பலகைகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்த விமானம் அது. வேகத்துக்குப் பெயர் போனது.

ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் இந்தியாவில் சில மொஸ்கிட்டோக்கள் பறக்கும்போதே உடைந்து விழுந்தன. 45ஆவது ஸ்குவாட்ரனும் அப்படி ஆட்களை இழந்தது. சோதித்துப் பார்த்தபோது இறக்கையின் மேல்பலகையும் உள்சட்டமும் சரியாக ஒட்டாத குறை தெரிய வந்தது. விமானங்களை நிறுத்தி வைத்து ஒவ்வோர் இணைப்பையும் பார்க்க வேண்டியதாயிற்று.

1945இல் பிரிவு சென்னைக்கு அருகே சோழவரத்துக்கும், பிறகு பரங்கிமலைக்கும் வந்தது. 1946இல் இலங்கையின் நீர்கொழும்புக்கு மாறியது. அங்கிருந்துதான் நம் நாட்டுக்கு வந்தது.

நம் வானத்தில் 22 ஆண்டுகள்

1948 ஜூன் 16ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் 45ஆவது ஸ்குவாட்ரனின் 'பியூஃபைட்டர்' விமானங்கள் நீர்கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தன. 1949இல் சிங்கப்பூரின் தெங்கா, 1955இல் பட்டர்வொர்த், 1957இல் மீண்டும் தெங்கா எனத் தளங்கள் மாறின. காட்டில் இருந்த கம்யூனிஸ்டு போராளிகளுக்கு எதிரான ஆகாய நடவடிக்கைக்கு 'ஃபயர்டாக்' என்று பெயர்.

இங்கேயும் வெப்பமும் ஈரமும் வேலையைக் காட்டின. பியூஃபைட்டருக்குப் பதிலாக வந்த 'பிரிகண்ட்' விமானத்தில், பாய்ந்து இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கைகளில் தடைப் பலகைகள் இருந்தன. அவற்றை இயக்கிய உறைகள் தோலால் செய்யப்பட்டவை. நம் ஊர் ஈரத்தில் அந்தத் தோல் இற்றுப்போனது. ஒரு பக்கத் தடை மட்டும் விரிந்து மறுபக்கம் விரியாமல் போனால், இறக்கையே பிய்ந்துவிடும். அப்படிச் சிலர் இறந்தனர். காரணம் தெரிந்த பிறகு தடைப் பலகைகளைக் கம்பி கட்டி மூடிவிட்டுப் பறந்தார்கள்.

1952இல் பிரிகண்டுக்குப் பதில் வந்த விமானத்தின் பெயர் மருமகனுக்குப் பிடிக்கும்: 'ஹார்னெட்'. இன்று பட்டர்வொர்த்தில் இருந்து பறக்கும் அமெரிக்க ஹார்னெட் அல்ல. விசிறி என்ஜின் இரண்டு பூட்டிய பிரிட்டிஷ் விமானம். 1955இல் ஜெட் விமானங்கள் வந்தன. முதலில் 'வாம்பயர்', பிறகு 'வெனம்'. பாட்டி நிரையில் நின்று கேட்ட இடிச் சத்தம் ஜெட் விமானத்தின் சத்தம்தான்.

அந்தக் குண்டுகளால் என்ன பயன் விளைந்தது? அடர்ந்த காட்டில் மேலிருந்து பார்த்தால் மரத் தலைகள்தான் தெரியும். விமானிகள் பெரும்பாலும் ஆளைப் பார்த்துக் குண்டு போடவில்லை. வரைபடத்தில் குறித்துக் கொடுத்த இடத்தில் போட்டார்கள். ஓராங் அஸ்லி மக்கள் வாழ்ந்ததும் அதே காடுகளில்தான். குண்டுவீச்சைவிட, காட்டில் இருந்த படையினருக்கு உணவும் மருந்தும் இறக்கிய விமானங்களும், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்த ஹெலிகாப்டர்களும், சரணடையச் சொல்லித் துண்டறிக்கை போட்ட விமானங்களும்தான் அதிகம் சாதித்தன என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

தோட்டத்து மக்களுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது முள்வேலியும் ஊரடங்கும் அளந்து கொடுத்த அரிசியும்தான். "வேலைக்குப் போகையில சோத்துப் பொட்டலத்தைக்கூட பிரிச்சுப் பார்ப்பாங்க" என்று பாட்டி சொன்னார். காட்டுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக நடந்த சோதனை அது.

1957இல் ஸ்குவாட்ரன் 'கேன்பரா' குண்டுவீச்சு விமானங்களுக்கு மாறியது. அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிவுக்கு வந்தது. 1962 டிசம்பரில் புருணையில் கிளர்ச்சி வெடித்தபோதும், அதைத் தொடர்ந்த இந்தோனேசிய மோதலின்போதும் கேன்பராக்கள் லபுவானுக்குச் சென்றன. 1968இல் பிரிட்டன் தூரக் கிழக்கிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. 1970இல் தெங்காவில் 45ஆவது ஸ்குவாட்ரன் கலைக்கப்பட்டது.

எண்ணுக்கு மறுவாழ்வு

பிரிட்டிஷ் ஆகாயப் படையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்குவாட்ரன் கலைந்தாலும் அதன் எண்ணையும் கொடியையும் பத்திரப்படுத்துவார்கள். நெடுநாள் சேவை செய்த எண்ணுக்கு முன்னுரிமை. விமானங்கள் குறைந்து போர்ப் பிரிவுகள் சுருங்கிய காலத்தில், பழைய எண்களைப் பயிற்சிப் பிரிவுகளுக்குக் கொடுத்து உயிரோடு வைத்தார்கள்.

45ஆவது எண்ணும் படிப்படியாக அப்படித்தான் நகர்ந்தது. 1972இல் 'ஹண்டர்' விமானங்களோடு மீண்டும் தொடங்கியது. புதிய போர் விமானங்களுக்குப் போகும் முன் இளம் விமானிகள் அங்கே தரைத் தாக்குதல் பழகினார்கள். 1976இல் அது மூடப்பட்டது. 1984இல் 'டோர்னாடோ' விமானத்தில் ஆயுதப் பயிற்சி தரும் பிரிவுக்கு இந்த எண் தரப்பட்டது. 1992இல் ஃபின்னிங்லி தளத்தில் 'ஜெட்ஸ்ட்ரீம்' விமானங்களை வைத்துப் பல என்ஜின் விமானப் பயிற்சி தந்த பிரிவு, 45ஆவது ஸ்குவாட்ரன் ஆயிற்று. பிறகு கிரான்வெல் தளத்துக்கு மாறியது. 2004 முதல் 'கிங் ஏர்', 2018 முதல் 'ஃபீனம்' என்ற சிறிய இரட்டை ஜெட் விமானம். போக்குவரத்து, எரிபொருள் நிரப்பும், கடல் கண்காணிப்பு விமானங்களை ஓட்டப் போகும் பிரிட்டிஷ் விமானிகள் இங்கே படித்துவிட்டுப் போகிறார்கள்.

வேலை இல்லாத கால்

அப்படி என்ன பாடம்? ஒன்றைச் சொல்கிறேன்.

இரண்டு என்ஜின் விமானத்தில் வலது என்ஜின் நின்றுவிட்டது என்று வையுங்கள். இடது என்ஜின் மட்டும் தள்ளுவதால் விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். நேராக வைக்க விமானி இடது காலால் சுக்கான் மிதியை அழுத்த வேண்டும். அப்போது வலது காலுக்கு வேலை இல்லை. எந்தக் காலுக்கு வேலை இல்லையோ, அந்தப் பக்க என்ஜின்தான் செத்துவிட்டது. 'செத்த கால், செத்த என்ஜின்' என்பது பல என்ஜின் விமானிகள் உலகம் முழுவதும் மனப்பாடம் செய்யும் சூத்திரம்.

கேட்க எளிது. ஆனால் புறப்பட்ட சில விநாடிகளில், எச்சரிக்கை மணி அலறும்போது, மனித மூளை அவசரப்படும். 2015 பிப்ரவரியில் தைப்பேயில் ஒரு ஏடிஆர் 72 பயணிகள் விமானம் புறப்பட்டதும் ஓர் என்ஜின் சக்தி இழந்தது. விமானி தவறுதலாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற என்ஜினை நிறுத்திவிட்டார். விமானம் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தனர். அதனால்தான் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். முதலில் தரையில் உள்ள பாவனைக் கருவியில், பிறகு வானத்தில். கை போகும் முன் பார், பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அவர் சரி என்ற பிறகு செய். தனியாகச் சாகசம் செய்வதற்கு இங்கே இடமில்லை; இருவர் சேர்ந்து யோசிக்கப் பழகுகிறார்கள்.

பதவி இறக்கமா?

இப்போது மருமகனின் கேள்விக்கு வருகிறேன்.

இந்த ஸ்குவாட்ரனின் கதையில் யார் யார் இறந்தார்கள் என்று பாருங்கள். எதிரியால் இறந்தவர்கள் உண்டு. பசை ஒட்டாததால், தோல் இற்றுப்போனதால், போதிய பயிற்சி இல்லாததால் இறந்தவர்களும் உண்டு. எதிரியைக் கட்டுப்படுத்த நம்மால் முடியாது. மற்ற மூன்றையும் கற்பதாலும் கற்பிப்பதாலும் தடுக்க முடியும். விமானத் துறையில் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் உயிர் இருக்கிறது. அந்த விதிகளை அடுத்த தலைமுறைக்குச் சரியாகக் கைமாற்றுவது இரண்டாம் தர வேலை என்றால், முதல் தர வேலை என்று எதைச் சொல்வது?

1923இல் 45ஆவது ஸ்குவாட்ரனோடு சேர்ந்து சிப்பாய்களைச் சுமந்த 70ஆவது ஸ்குவாட்ரன், இன்று 'ஏ400எம்' போக்குவரத்து விமானங்களை ஓட்டுகிறது. 2018இல் சுலாவெசியின் பாலு நகரை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது நிவாரணப் பணிக்கு வந்த விமானங்களில் பிரிட்டனின் ஏ400எம்மும் ஒன்று. பல என்ஜின் விமானிகளின் வேலை அது. நம் அரச மலேசிய ஆகாயப் படையிடமும் நான்கு ஏ400எம் விமானங்கள் இருக்கின்றன. விமானியாக விரும்பும் மாணவர்கள் போர் விமானத்தை மட்டும் குறி வைக்காமல், இந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். எந்தப் பக்கம் போனாலும் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் வேண்டும். பொறுமை அதைவிட வேண்டும்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படின்னா அவங்களுக்கு நம்ம ஊர்ல நடந்ததையும் சொல்லித் தருவாங்களா மாமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த முறை சுங்கைப்பட்டாணி போனபோது பாட்டியிடம் சொன்னேன்: "நீங்க பார்த்த அந்தப் படை, இப்ப பிள்ளைங்களுக்கு ஏரோப்ளேன் ஓட்டச் சொல்லிக் குடுக்குது பாட்டி."

வெற்றிலையை மடித்துக்கொண்டே பாட்டி சொன்னார்: "நல்லா சொல்லிக் குடுக்கட்டும். கீழ ஆளுங்க இருக்காங்கன்னும் சேர்த்துச் சொல்லிக் குடுக்கட்டும்."

பிரிட்டிஷ் ஆவணங்களில் விமானத்தின் வகை, தளம், தேதி எல்லாம் இருக்கின்றன. நிரையில் நின்று காதைப் பொத்திக்கொண்ட பதினேழு வயதுப் பெண் அவற்றில் இல்லை. அவசரகாலத்தை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். இந்த வாரமே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, "அப்ப என்ன பாட்டி நடந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.